நூற்றுப் பதினெட்டாம் சீட்டு

“யோகேஸ்வரி லிங்கேஸ்வரன், ஸ்க்ரம் மாஸ்டர். அணிகளின் வேகத்தை முடுக்கிவிடும் ஆற்றல்மிகு தலைமை. மாற்றத்தை முன்னின்று நடத்துபவர். ஸ்டோரி மேப்பிங் வல்லுநர். ஓய்வறியாதவர்.”

ராஜபாளையம் தென்காசி ரோட்டில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தன் இணையதளத்தில் இப்படிப் போட்டிருந்தது. இதில் கடைசி வார்த்தை மட்டும் உண்மை. அதையும் எழுதியவர் பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதியிருந்தார்.

மாஸ்டர் என்றால் யாராவது சொன்னபடி கேட்க வேண்டும். அந்த ஆபீசில் யோகேஸ்வரி சொன்னபடி கேட்டது பிரின்டர் ஒன்றுதான். அதுவும் மூன்றாவது தடவை சொன்ன பிறகு. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்வது, எழுதியதை ஞாபகப்படுத்துவது, ஞாபகப்படுத்தியதற்காக முகச்சுளிப்பை வாங்கிக்கொள்வது, இதுதான் அவள் வேலை. இந்த வேலைமுறைக்கு அஜைல் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு அகராதியில் சுறுசுறுப்பு, நெகிழ்வு என்றெல்லாம் பொருள் போட்டிருக்கிறது. முப்பத்தேழு வயதில், தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எட்டு இருபது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து இறங்கும் ஒருத்தியிடம் அவற்றை எதிர்பார்த்தால் அது அகராதியின் தவறு. காலையில் எல்லாரும் நின்றபடி பதினைந்து நிமிடம் பேசிக் கலைய வேண்டும் என்பது அந்த வேலைமுறையின் விதி. விதியை அமல்படுத்த வேண்டியவள் அவள். அந்தப் பதினைந்து நிமிடமும் அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

“நான் பஸ்ஸுலயே நின்னு முடிச்சிட்டேன். நீங்க நில்லுங்க” என்பாள்.

கல்யாணத்துக்கு முன்பு நாலு வருஷம் சென்னையில் வேலை பார்த்தவள். கணவன் லிங்கேஸ்வரன் செண்பகத்தோப்பு மலைக்காட்டில் வனத்துறைக் காவலர். மலையைச் சென்னைக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால் சென்னையை அவள் விட்டுவிட்டு வந்தாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஊருக்குப் பக்கத்தில், படித்த படிப்புக்கு ஏற்ற மாதிரி ஒரு வேலை என்றால் இந்த மோட்டார் கடை மாடி ஒன்றுதான். அதனால்தான், போன தீபாவளிக்கு மறுநாள் முதலாளி ராம்குமார் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது அவளுக்கு மட்டும் வேறு மாதிரிக் கேட்டது.

“இப்போ கையில இருக்குற பெரிய வேலை பேண்டேஜ் கம்பெனி ஒண்ணுதான். அவங்க நம்மளை விட்டுட்டா, இந்த மாடியைக் காலி பண்ணிட்டு சென்னை ஆபீசோட சேர்ந்துக்க வேண்டியதுதான். வர்றவங்க வரலாம்.”

வர முடியாத ஆள் ஒருத்திதான் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

இனி மேப்புக்கு வர வேண்டும். ஸ்டோரி மேப்பிங் என்பது கேட்கத்தான் பெரிய வித்தை. ஒரு ஆள் தன் வேலையைத் தொடங்குவதிலிருந்து முடிப்பதுவரை என்னென்ன செய்கிறாரோ, அதை இடமிருந்து வலமாகச் சீட்டில் எழுதி வரிசையாக ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் அதற்காகச் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளைத் தொங்கவிட வேண்டும். பிறகு குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே நிற்பது முதலில். கீழே இருப்பது அப்புறம். யோகேஸ்வரி இதை ஐந்து வருஷத்துக்கு முன்னால், வீட்டிலிருந்தபடி, இரண்டு நாள் பயிற்சியில் கற்றாள். முதல் நாள், எப்படிச் செய்வது. இரண்டாம் நாள், எப்போது செய்வது, எப்போது செய்யக்கூடாது. இரண்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மின்சாரப் பராமரிப்பு. சர்ட்டிபிகேட் மட்டும் முழுசாக வந்தது.

விளைவு, எப்படி என்று தெரிந்து, எப்போது என்று தெரியாத ஒரு வல்லுநர் உருவானார். பாஸ்வேர்டை மாற்றுவதற்கு மேப். லீவு விண்ணப்பத்துக்கு மேப். கான்சாபுரத்தில் ஒரு உரக்கடைக்காரர், கையிருப்பு மூட்டையைக் காட்ட ஒரே ஒரு திரை கேட்டிருந்தார். அவரை நாலு மணி நேரம் உட்கார வைத்து அறுபத்து மூன்று சீட்டு ஒட்டினாள். “எம்புட்டு மூடை கெடக்குன்னு தெரிஞ்சா போதும்மா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று அவர் எழுந்து போனார். மறுநாள் ஆபீஸ் கழிவறைக் கதவில் இடமிருந்து வலமாக மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன: கதவைத் தட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா பார், தாழ்ப்பாள் போடு. அதற்குக் கீழே தொங்கியவற்றை இங்கே எழுத முடியாது. கையெழுத்து ஜோயலுடையது. அந்த ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவர்களில் கெட்டிக்காரன் அவன். அவன் கேலியும் அப்படித்தான். ராம்குமார் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல், “இனிமே மேப் வேண்டாம்மா, பட்டியல் போதும்” என்றார். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். எதுவும் ஒட்டக்கூடாது என்று கட்டட உரிமையாளரும் சேர்ந்துகொண்டார்.

இத்தனையும் முடிந்து எல்லாரும் நிம்மதியாக இருந்த நேரத்தில், நிஜமாகவே மேப் தேவைப்பட்ட ஒரே வேலை வந்து சேர்ந்தது.

சத்திரப்பட்டி போகிற வழியில் இருந்த பேண்டேஜ் கம்பெனி அது. தறித்துணி உள்ளே வந்து மருத்துவமனைக்குப் பாக்கெட்டாக வெளியே போகிற வரையிலான கணக்கு வழக்கெல்லாம் செல்போனில் நடக்க வேண்டும் என்று முதலாளி ராஜரத்தினம் கேட்டார். மாடியில் இருந்த ஒருவருக்கும் அந்தத் தொழில் தெரியாது. கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்கு வேண்டியதைச் சொன்னார்கள். யோகேஸ்வரி வாயைத் திறக்காமல் பட்டியல் எழுதினாள். நூற்று அறுபது சீட்டுகள், கம்ப்யூட்டரில், ஒன்றின் கீழ் ஒன்றாக, எது முக்கியம் என்கிற வரிசையில். பட்டியலில் முக்கியம் இருந்தது. முன்னே பின்னே என்பதுதான் இல்லை. ‘மேப் போட்டால் நல்லது’ என்று ஒரு தடவை அவள் நாக்கு நுனிவரை வந்தது. கழிவறைக் கதவு ஞாபகத்துக்கு வர, விழுங்கிவிட்டாள்.

மூன்றாவது மாதம், பட்டியலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்கள்.

“யக்கா, நாப்பத்தொண்ணும் நூத்திப் பதினெட்டும் பாருங்க. ‘சரக்கு அனுப்புதல்’, ‘சரக்கு அனுப்புதல்’. டூப்ளிகேட். ஒண்ணைத் தூக்குங்க” என்றான் ஜோயல்.

நூற்றுப் பதினெட்டை அவள் தூக்கினாள். ஒரு வேலை குறைந்தது. அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

வேலை தொடங்கி எட்டு மாதம் ஆயிற்று. இரண்டு தடவை தேதி தள்ளிப்போட்டாயிற்று. “வர்ற திங்கக்கெழம ஓடணும். இல்லேன்னா நான் பழைய நோட்டுக்கே போயிருதேன்” என்று ராஜரத்தினம் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மதியம், கோடவுன் சூப்பர்வைசர் மாரிசாமிக்குச் செயலியைப் பழக்கிக் கொடுக்க யோகேஸ்வரி போனாள். ஐம்பது வயதைத் தாண்டிய மாரிசாமிக்குக் கம்பெனி பெரிய போன் மாதிரி ஒரு டேப் கொடுத்திருந்தது. அதன்மேல் அவர் டீ கிளாசை வைத்திருந்தார். காதில் போன்.

“அனுப்பியாச்சுய்யா. காலையிலயே அனுப்பியாச்சு. ரெண்டு நாள்ல திரும்பி வந்துரும். வை.”

யோகேஸ்வரி கிளாசைத் தூக்கி ஓரமாக வைத்தாள். டேப்பில் வட்டமாகப் படிந்திருந்த ஈரத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் காதில் விழுந்தது மண்டைக்குள் போய் இறங்கியது.

“அண்ணாச்சி, ரெண்டு நாள்ல வந்துரும்னீங்களே. அனுப்புனது எப்படித் திரும்பி வரும்?”

மாரிசாமி அவளை இரக்கத்தோடு பார்த்தார். “ஏம்மா, தறியில இருந்து வார கோராத் துணியை அப்படியேவா புண்ணுல சுத்துவான் ஆஸ்பத்திரிக்காரன்? பிளீச்சிங்குக்கு அனுப்பணும். வெளுத்து வந்த பொறவு வெட்டி, சுருட்டி, பாக்கெட்டுல போட்டு, அதுக்குப் பொறவு அனுப்பணும்.”

“ரெண்டையும் அனுப்புறதுன்னேவா சொல்லுவீங்க?”

“பொறவு? பிளீச்சிங்குக்குப் போறதை வழியனுப்புறதுன்னா சொல்லுவாக?”

அவள் செயலியைத் திறந்தாள். அதில் ‘அனுப்பு’ என்று ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் இருப்பிலிருந்து சரக்கு கழியும். மருத்துவமனைக்கு ‘உங்கள் சரக்கு புறப்பட்டுவிட்டது’ என்று செய்தி போகும். திங்கட்கிழமை காலை மாரிசாமி பிளீச்சிங்குக்கு வண்டி ஏற்றுவார். பழக்கப்படி ‘அனுப்பு’ என்பார். துணி தொட்டியில் ஊறிக்கொண்டிருக்க, ஏதோ ஒரு ஊர் மருத்துவமனையின் ஸ்டோர்காரர் வாசலில் வந்து நிற்பார். அதோடு பேண்டேஜ் கம்பெனி போகும், மாடி போகும், எட்டு இருபது பஸ் போகும்.

திரும்பும் பஸ்ஸில் அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தும் இளைப்பாற முடியவில்லை. நூற்றுப் பதினெட்டு பட்டியலில் இருந்தது. அதை அழித்தவள் அவள். யார் அழித்தார்கள், எந்தத் தேதியில் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும், தேடினால்தான் தெரியும். தேடுகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. ஜோயல் காதில் மெல்லப் போட்டால் ஒரு பொத்தானைச் சேர்த்துவிடுவான், காரியம் முடிந்தது. இந்த யோசனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊர் எல்லையில் மடவார்வளாகம் தாண்டும்வரை பிடித்திருந்தது. அப்புறம் ஒரு கேள்வி வந்து கெடுத்தது: ஒன்று இப்படிப் போயிருந்தால், இன்னும் எத்தனை போயிருக்கும்?

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் யோகேஸ்வரி உட்காரவில்லை. அதைப் பார்த்ததுமே எல்லாரும் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்கள்.

விஷயத்தைச் சொன்னாள். “டூப்ளிகேட்னு சொன்னது யாரா வேணா இருக்கட்டும். அழிச்சது நான்” என்றாள்.

ஜோயல் தலையைச் சொறிந்தான். “சொன்னது நான்தான். விடுங்க யக்கா, ஒரு பொத்தான்தானே? சாயங்காலத்துக்குள்ள சேர்த்துருதேன்.”

“அது போதாது. மேப் போடணும்.”

யாரோ மூச்சை வெளியே விட்டார்கள். ராம்குமார் கண்ணை மூடிக்கொண்டார். “யோகேஸ்வரி, இன்னும் மூணு நாள்தான் இருக்கு. இப்போ போய்...”

“பாத்ரூம் கதவு காலியாத்தான் இருக்கு யக்கா” என்றான் ஜோயல்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. “சரி ஜோயல், ஒண்ணு பண்ணு. ஒரு துணிக்கட்டு தறியில இருந்து ஆஸ்பத்திரி போற வரைக்கும் உள்ள கதையை நிறுத்தாமச் சொல்லு. நீ சொல்லி முடிச்சிட்டா மேப் வேண்டாம். நான் இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

ஜோயல் உற்சாகமாகத் தொடங்கினான். “தறியில இருந்து கோராத் துணி வரும். கோடவுன்ல என்ட்ரி போடுவாங்க. பிளீச்சிங்குக்கு அனுப்புவாங்க. திரும்பி வரும். வந்தா...”

“வந்தா?”

“வந்தா வாங்கி வைப்பாங்க.”

“யாரு? எந்தத் திரையில? வெளுத்தா துணி சுருங்கும்னு மாரிசாமி அண்ணாச்சி சொல்றாரு. போனது நூறு மீட்டர், வந்தது அதைவிடக் கம்மி. அதை எங்க எழுதுவாங்க?”

ஜோயல் தன் மடிக்கணினியைப் பார்த்தான். எட்டு மாதமாக அவனே எழுதிய செயலி, அவனுக்கே ஒத்தாசை செய்யவில்லை. ராம்குமார், “நான் சொல்றேன்” என்று மறுமுனையிலிருந்து, மருத்துவமனை ஆர்டரிலிருந்து ஆரம்பித்தார். கட்டிங்குக்கு வந்ததும் அவரும் நின்றுவிட்டார்.

“அப்போ உரக்கடைக்குப் போட்டியேம்மா, அது?” என்றார், தோற்றவர் கேட்கும் கேள்வியாக.

“அது தப்பு சார். ஒரு ஆளு, ஒரு திரை. அந்தக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச கதைக்கு மேப் போட்டேன். நாலு கை மாறுற கதை இது, நமக்கு ஒருத்தருக்கும் தெரியாது. இதுக்குப் பட்டியல் போட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டையும் நான்தான் செஞ்சேன்” என்றாள்.

சுவரில் ஒட்டக்கூடாது. ஆகையால் எல்லாரும் பேண்டேஜ் கம்பெனி கோடவுனுக்கே போனார்கள். மாரிசாமி தரையில் கோராத் துணியை இருபது அடிக்கு விரித்துக் கொடுத்தார். கொண்டுபோன மஞ்சள் சீட்டு அந்தச் சல்லடைத் துணியில் ஒட்டவில்லை. காற்றுக்குப் பறந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள்; வியர்த்தது. கடைசியில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்து ஒவ்வொரு சீட்டாக ஒட்டினார்கள். புண்ணுக்கு மருந்து போடுகிற மாதிரியே இருந்தது.

மாரிசாமி நடந்துகொண்டே சொன்னார்; யோகேஸ்வரி பின்னால் குனிந்து குனிந்து எழுதி ஒட்டினாள். அவர் இரண்டு இடத்தில் ‘அனுப்பு’ என்றார். ஒரே சொல், பட்டியலில் ஒன்றாகத் தெரிந்தது, இங்கே ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் எட்டடி தூரம் இருந்தது. ஒன்றுக்கு ‘வெளுக்க அனுப்பு’ என்றும் மற்றதற்கு ‘ஆஸ்பத்திரிக்கு அனுப்பு’ என்றும் பெயர் வைத்தார்கள். வெளுத்து வந்ததை வாங்கி அளப்பதற்குச் சீட்டே இல்லை, எழுதினார்கள். கறை பட்டுத் திரும்ப வெளுக்கப் போவதற்கும் இல்லை, அதையும் எழுதினார்கள். அழித்த ஒன்று போக, மதியத்துக்குள் புதிதாக நாலு ஓட்டை அகப்பட்டது.

“இப்போ கோடு” என்றாள் யோகேஸ்வரி. “திங்கக்கிழமைக்கு ஒரே ஒரு ரகம், ஒரே ஒரு ஆஸ்பத்திரி. ஆனா தறியில இருந்து வாசல் வரைக்கும் நடுவுல அறுபடாமப் போகணும். அதுக்கு வேண்டியது மட்டும் கோட்டுக்கு மேல.”

சீட்டுகள் கீழே இறங்கத் தொடங்கின. ஜோயல் ஒன்றரை மாதம் உழைத்த ஒரு வண்ணப்படம் இருந்தது. சரக்கு இருப்பை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றிக் காட்டும். அந்தச் சீட்டும் கீழே போயிற்று. யாரும் பார்க்காதபோது அவன் அதைக் கால் பெருவிரலால் மேலே நகர்த்திக்கொண்டிருந்தான்.

“ஏலே, காலை எடு” என்றார் மாரிசாமி. “அது இல்லேன்னா துணி போகுமா, போகாதா?”

“போகும்.”

“அப்பம் கீழ கெடக்கட்டும்.”

நூற்று அறுபத்து நாலில் முப்பத்தொன்று மேலே நின்றது. ராஜரத்தினத்துக்கு அந்த வட்டப் படத்தை ராம்குமார் ஏற்கெனவே சத்தியம் பண்ணாத குறையாக வாக்களித்திருந்தார். அது இல்லை என்று சொல்ல அவருடைய ஆபீஸ் அறைக்குள் போய் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார், முகம் வெளுத்திருந்தது.

“என்ன சொன்னாங்க சார்?” என்றாள் யோகேஸ்வரி.

“‘படம் பார்க்க நான் தியேட்டருக்குப் போய்க்கிடுதேன். துணி எங்க கெடக்குன்னு காட்டுமா, காட்டாதா’ன்னு கேட்டாரு. காட்டும்னேன். காட்டும்ல?”

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஜோயல் முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். யோகேஸ்வரி ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்த்தாள். ஞாயிறு மதியம் லிங்கேஸ்வரன் போனில், “வருதியா, வரலையா? பிள்ளை, அய்யனார் கோவில் அருவிக்குப் போகணும்ங்கா” என்றார்.

“நீங்க கூட்டிட்டுப் போங்க. தண்ணி விழுதான்னு பார்த்துச் சொல்லுங்க. எனக்குச் செத்த நேரம் கண்ணை மூடினா போதும்.”

திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு மாரிசாமி டீ கிளாசைத் தரையில் வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ‘வெளுக்க அனுப்பு’ என்பதை அமுக்கினார். வண்டி கிளம்பியது. யோகேஸ்வரி பக்கத்தில் நின்று காத்திருந்தாள். எந்த மருத்துவமனையிலிருந்தும் போன் வரவில்லை. எதுவுமே நடக்கவில்லை. எட்டு மாதம் பாடுபட்டு அவர்கள் சாதித்தது அதுதான். புதன்கிழமை துணி திரும்பி வந்தது. சுருங்கியது சுருங்கியபடி பதிவாயிற்று. அடுத்த வெள்ளி பாக்கெட் போனது, செய்தி ஒரு தடவை போனது. ராஜரத்தினம் பழைய நோட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். தூக்கிப் போடவில்லை, இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். மாடியும் இன்னும் ஒரு வருஷம் இருக்கும்.

யாரும் அவளைப் பாராட்டவில்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு யாரைப் பாராட்டுவது? ராம்குமார் மட்டும் மேப் பித்துப் பிடித்து அலைந்தார். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் தங்கள் இணையப் பக்கத்தில் லீவு அறிவிப்புக்கு ஒரு பொத்தான் கேட்டபோது, பிளாஸ்திரி சுருள் இரண்டை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்.

“யோகேஸ்வரி, நாளைக்குக் காலையில மேப் போட்டுருவோமா?”

“வேண்டாம் சார். அது ஒரு சீட்டு. எழுதி ஜோயல் கையில கொடுத்துட்டேன். நான் அஞ்சு அம்பது பஸ்ஸைப் பிடிக்கேன்.”

“ஒரு நிமிஷம் உக்காந்துட்டாவது போங்க யக்கா, பஸ்ஸுல இடம் கிடைக்காது” என்றான் ஜோயல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவனுடைய வட்டப் படம் இன்னும் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தது.

இணையதளத்தில் அவளைப் பற்றிய பகுதியை ராம்குமார் புதுப்பித்திருக்கிறார். ‘தொலைநோக்கால் ஒரு தொழிற்சாலையின் போக்கையே மாற்றியமைத்தவர்’ என்று இப்போது இருக்கிறது. அன்றைக்கு யோகேஸ்வரி செய்தது இவ்வளவுதான்: தான் அழித்த நூற்றுப் பதினெட்டாம் சீட்டைத் தன் கையால் மறுபடி எழுதி, தறிக்கும் கட்டிங்குக்கும் நடுவில் ஒட்டினாள்.